நூற்று முப்பத்தொரு கஜம்

கிளியர் ஃபோர்டு, மின்னசோட்டா
1984 நவம்பர் 11, ஞாயிறு

அன்புள்ள ராய்ஸுக்கு,

மார்லிஸ் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். நீயும் அந்தத் தென்துருவப் பனியில் கை கால் விறைக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உங்கள் முகாமில் டிராக்டர்கள் கிளம்ப மறுக்கின்றன என்று சொன்னாயே, இங்கே நம்முடைய பிக்கப் வண்டியும் அதே பிடிவாதம்தான். பேட்டரியை மாற்றிவிட்டேன். அடுப்பறைக் குழாய்க்குப் பழைய கம்பளி சுற்றியாயிற்று. நாய் மறுபடி முள்ளம்பன்றியிடம் போய் மூக்கைக் கொடுத்துவிட்டு வந்தது. அதற்கு எப்போதுதான் புத்தி வருமோ.

இத்துடன் இன்றைய பத்திரிகையிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்திருக்கிறேன். அதை முதலில் படித்தால் நாம் தோற்றுவிட்டோம் என்றே நினைப்பாய். நேற்றைய ஃபுட்பால் ஆட்டத்தில் வெஸ்ட்லேக் கல்லூரிக்காரர்கள் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு நகர்ந்தது நானூற்றுப் பன்னிரண்டு கஜம். நம் பிள்ளைகள் நகர்ந்தது வெறும் நூற்று முப்பத்தொன்று. ஆனால் நாம்தான் ஜெயித்தோம், ராய்ஸ். ஒன்பதுக்கு ஏழு. நேற்று முழுக்க ஊரே ஹாரன் அடித்துக்கொண்டு திரிந்தது.

எப்படி என்று நீ கேட்பாய். வெள்ளிக்கிழமை பெற்றோர் விருந்தில் பயிற்சியாளர் ஹூக்ஸ்ட்ரா எழுந்து நின்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: “நம்ம குவாட்டர்பேக் முழங்காலை உடைச்சிக்கிட்டுக் கட்டில்ல கிடக்கான். பந்தை எறியறதுக்கு நம்மகிட்ட ஆள் இல்லை. அதனால நாளைக்கு நாம நகரப்போறதில்லைங்க. அவங்களை நடக்க வைப்போம். ஒவ்வொரு தடவையும் மைதானத்தோட அந்தக் கோடியிலேர்ந்து நடக்கட்டும். எங்கயாச்சும் தடுக்கி விழுந்துதான் ஆகணும்.” யாரும் கை தட்டவில்லை. அடுத்த மேசையில் ஒருவர், எனக்குக் கேட்கும்படியே, “எறியத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான். அவனுக்குத்தான் மனசில்லை” என்றார். நம் மகன் கர்ட்டைத்தான் சொன்னார். நான் ஹாட்டிஷ் பதார்த்தத்தை இன்னும் ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு உன் தங்கை ஆர்லீனைக் கூட்டிப்போனேன். அவளுக்குத்தான் ஒரு ஃபுட்பாலும் தெரியாதே. நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், மூன்றிலும் முடியாவிட்டால் பந்தை நம் பக்கத்திலேயே எதிரியிடம் கொடுப்பதைவிட எட்டின மட்டும் உதைத்து அனுப்பிவிட வேண்டும், அந்த உதைதான் கர்ட்டின் வேலை என்று சொல்லிக்கொடுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ நம்ம ஆளுங்க சொதப்பினாத்தான் நம்ம பையனுக்கு வேலையா?” என்றாள். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வேலை இருந்தது. நிறைய இருந்தது. வெஸ்ட்லேக் வந்தவுடனேயே ஏழு புள்ளி எடுத்துக்கொண்டது. நம் பிள்ளைகள் மூன்று தடவை முட்டுவார்கள், சுவரில் முட்டியது போல விழுவார்கள், கர்ட் வருவான். பாதி மைதானத்தில், ஒரே ஒரு கஜம் பாக்கி இருக்கும்போதும் ஹூக்ஸ்ட்ரா அவனைத்தான் அனுப்பினார். நம் ஊர்க்காரர்களே ஊளையிட்டார்கள். “கால் வலிக்கப்போகுது, வீட்டுக்குப் போடா!” என்று ஒருவன் கத்தினான். ஆர்லீன் எழுந்து திரும்பி, “உனக்குத் தொண்டை வலிக்கலையா?” என்று கேட்டாள். அப்புறம் அவன் அடங்கிவிட்டான்.

அந்த உதையை நீ பார்த்திருக்க வேண்டும். உயரமாகப் போய், அவர்கள் எல்லைக் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் விழுந்து, சொன்ன பேச்சைக் கேட்ட நாய்க்குட்டி மாதிரி அங்கேயே படுத்துக்கொண்டது. அடுத்த முயற்சியிலேயே பந்து வைத்திருந்த அவர்கள் ஆளைக் கோட்டுக்கு உள்ளேயே வைத்து நம் பிள்ளைகள் சாய்த்துவிட்டார்கள். அப்படிச் சாய்த்ததற்கு நமக்கு இரண்டு புள்ளி.

அப்புறம் மத்தியானம் முழுக்க ஒரே கதைதான். அவர்கள் அந்தக் கோடியிலிருந்து நடந்து நடந்து வருவார்கள், எண்பது கஜம் வருவார்கள், நம் வாசலில் வந்து பந்தை நழுவ விடுவார்கள். இன்னொரு தடவை புள்ளிக்காக உதைத்த பந்தைக் கம்பங்களுக்கு வெளியே அனுப்பினார்கள். கடைசிக் கால்பகுதியில் கர்ட் மறுபடி அவர்களை மூலையில் தள்ளினான். அவர்களின் குவாட்டர்பேக் அவசரத்தில் எறிந்த பந்தை, நம் பால் பண்ணை லுண்ட்க்விஸ்ட் இருக்கிறாரே, அவர் மகன் பிடித்து நாலு எட்டில் கோட்டைத் தாண்டிவிட்டான். அதற்கு ஆறு, அதன்பின் உதைக்கிற கூடுதல் புள்ளி ஒன்றும் சேர, ஒன்பதுக்கு ஏழு.

இனிமேல்தான் விஷயம். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. நம் வாசலில் அவர்களை மறுபடி தடுத்து நிறுத்திப் பந்து நம் கைக்கு வந்திருந்தது. ஆனால் அசைய முடியவில்லை. உதைப்பதற்காகக் கர்ட் நம் கோட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தான். அங்கே அவன் விழுந்தால் அவர்களுக்கு இரண்டு புள்ளி, சமன். பந்தைப் பின்னால் அனுப்புகிற பையனுக்குக் கை விறைத்துவிட்டது போலிருக்கிறது. பந்து தரையில் உருண்டு கர்ட்டைத் தாண்டியே போய்விட்டது. கர்ட் ஓடிப் பொறுக்கி நிமிர்வதற்குள் மூன்று தடியர்கள் அவன்மேல் வந்துவிட்டார்கள். அரங்கமே “எறிடா! எறி!” என்று கத்தியது. ஆர்லீனும்தான். நான் மட்டும் கர்ட்டின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோளில் டாக்டர் போட்ட தையலை மாதக்கணக்கில் கழுவிக் கட்டியவள் நான்தானே.

அவன் எறியவில்லை, ராய்ஸ். பக்கவாட்டில் ஓடி, ஓடுகிற ஓட்டத்திலேயே உதைத்தான். பந்து தாழ்வாகத் தலைகளுக்கு இடையில் புகுந்து போய், உறைந்த தரையில் குதித்து, உருண்டு உருண்டு பாதி மைதானத்தையும் தாண்டிவிட்டது. வெஸ்ட்லேக் இரண்டு தடவை எறிந்து பார்த்தது. இரண்டும் தரையில் விழுந்தன. அவ்வளவுதான்.

எல்லோரும் லுண்ட்க்விஸ்ட் மகனைத் தோளில் தூக்கினார்கள். கர்ட்டை யாரும் தூக்கவில்லை. ஆனால் வெஸ்ட்லேக்கின் கிழட்டுப் பயிற்சியாளர் மைதானத்தைக் கடந்து வந்து அவன் கையைப் பிடித்து, “இன்னிக்கு எங்களை அலைய விட்டது நீதான்டா தம்பி” என்று சொன்னாராம். பத்திரிகையில் ஒரே ஒரு வரி இருக்கிறது, அதிலும் பெயரைக் கிர்க் என்று போட்டிருக்கிறார்கள். நான் பேனாவால் திருத்தி வைத்திருக்கிறேன்.

போன மாதம் பல் டாக்டர் ஹோல்ம் வீட்டு இருவழி வானொலியில் உன்னோடு பேசினோமே, அதைப் பற்றி இப்போது எழுதிவிடுகிறேன். டாக்டரும் இன்னும் எத்தனை பேரோ கேட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் இதை என்னால் சொல்ல முடியவில்லை. குவாட்டர்பேக்காக ஆடச் சொல்லிக் கேட்டார்கள், கர்ட் மாட்டேன் என்றுவிட்டான் என்று நான் சொன்னதும் நீ, “பயந்துட்டானா?” என்றாய். வேடிக்கையாகச் சொன்னாயோ என்னவோ, அவ்வளவு தூரத்திலிருந்து வரும் குரலில் வேடிக்கை தெரியவில்லை. அவன் என் பின்னால்தான் நின்றிருந்தான். அன்றிலிருந்து, உன்னோடு பேசுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது. சின்ன வயதிலிருந்து களஞ்சியத்தில் டயரைத் தொங்கவிட்டு அவனுக்கு எறியக் கற்றுக்கொடுத்தவன் நீ. உனக்கு அது எவ்வளவு வருத்தம் என்று எனக்குத் தெரியாதா? அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் மாட்டேன் என்றான். முடியாத தோளை வைத்துக்கொண்டு எறிந்து ஆட்டத்தைக் கெடுக்க அவனுக்கு மனமில்லை.

நேற்று இரண்டு தட்டுச் சாப்பிட்டான். காலில் பனிக்கட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், “அப்பாவுக்கு எழுதுவியாம்மா?” என்றான். எழுதுவேன் என்றேன். “கடைசி உதைக்குக் காத்து எதிர்ல இருந்துச்சுன்னு எழுது” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் வானொலியில் கிடைத்தது என்று மட்டும் சொல். அடுத்த ஞாயிறு, சாலையெல்லாம் பனிக்கட்டி, எனக்கு வண்டி ஓட்டப் பயமாக இருக்கிறது என்று சொல்லிக் கர்ட்டை டாக்டர் வீட்டுக்கு ஓட்டிவரச் சொல்வேன். நான் பனியில் ஓட்டுகிற லட்சணம் உனக்குத் தெரியும், சிரிக்காதே. அவன் உள்ளே வந்து கதவோரமாகத்தான் நிற்பான். நீ என்னைக் குசலம் விசாரிக்க வேண்டாம். அந்தத் தோளைப் பற்றியும் ஒன்றும் வேண்டாம். “காத்து எந்தப் பக்கம்டா அடிச்சுது?” என்று அவனைக் கேள். கேட்டுவிட்டு, “ஓவர்” என்று உன் முறையை முடித்துவிட்டு, அவன் வாய் திறக்கும்வரை பொறுத்திரு.

கடவுள் உன்னைக் குளிரிலிருந்து காத்து எங்களிடம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
மார்லிஸ்