ஐந்தாம் மாடியின் நான்கு வால்வுகள்

அப்பா,

இன்று நம் வீட்டில் குளிர்கிறது. ஹால் ஏசியிலிருந்து நனைந்த தூசியின் வாசனை வருகிறது. ஃபில்டர்களைக் கழுவிவிட்டு வரும் நாட்களில் உங்கள் சட்டையில் இருக்குமே, அதே வாசனை. இந்த வீட்டில் வெயில் காலத்தில் முதல் முறையாகப் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயத்தில் தூக்கம் வரவில்லை. அம்மா ஆஸ்பத்திரிக்கு இரவு டியூட்டிக்குப் போயிருக்கிறாள். இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன்.

குளிர்வதற்குக் காரணம் நான். ஆனால் முதல் காரணம் நீங்கள்தான். உங்கள் மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. இறந்துபோனவரைத் திட்டினால் எல்லோரும் அழுகிறார்கள்.

நீங்கள் பஹ்ரைனுக்கு ஏசி மேஸ்திரியாக வேலைக்கு வந்தபோது இந்தக் குதைபியா பில்டிங் எப்படி இருந்தது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். மொட்டை மாடியில் இருக்கும் சில்லர் தண்ணீரைக் குளிரவைத்து அனுப்பும். அது குழாயில் இறங்கி வீடு வீடாகப் போகும். பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஐந்தாம் மாடி பனிக்கட்டியாக உறையும், கடைசியில் இருக்கும் முதல் மாடி வேகும். முதல் மாடி புகார் சொல்லும்போதெல்லாம் ஆபீஸ் சில்லரை இன்னும் குளிரவைக்கச் சொல்லும். அப்போதும் மேலே இருப்பவர்கள்தான் இன்னும் நடுங்கினார்களாம். நீங்கள் ஒரு கோடை முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்கி, நடைபாதைக் குழாய் அலமாரிகளைத் திறந்து, மேலே இருக்கும் வால்வுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினீர்கள். கீழே தண்ணீர் போனது. பழைய சில்லர், பழைய குழாய், எதையும் மாற்றவில்லை. கரண்ட் பில் இறங்கியது என்று ஆபீஸே வியந்தது.

வியர்த்தது ஐந்தாம் மாடியில் நம் வீட்டில் மட்டும்தான்.

"ஊருக்கெல்லாம் குளுருது, மேஸ்திரி வீட்டுல மட்டும் அடுப்பு எரியுது" என்பாள் அம்மா.

"மேஸ்திரி வீட்டுக்குக் கூடுதல் போவுதுன்னு ஒரு பய சொல்லப்பிடாது பாத்துக்க" என்பீர்கள்.

"ஒருத்தனும் சொல்லல. நீரே சொல்லிக்கிட்டு அலையுதீரு."

அதற்கு மேல் பேச உங்களுக்கு நேரம் இருக்காது. நாலாம் மாடி அங்கிள் போன் செய்துவிடுவார். ஒருமுறை உங்களோடு டார்ச் பிடிக்க வந்தேன். அவர் தெர்மோஸ்டாட்டைப் பதினாறில் வைத்துவிட்டு, பால்கனிக் கதவைத் திறந்துபோட்டு மீன் பொரித்துக்கொண்டிருந்தார்.

"ஏசி இழுக்கவே மாட்டேங்குது மேஸ்திரி."

"சார், நீங்க பஹ்ரைனையே குளிர வைக்கப் பாக்கியளா? முதல்ல கதவச் சாத்தும். பதினாறுல வச்சா வேகமாக் குளுரும்னு யாரு சொன்னா? எப்ப நிக்கணும்னு சொல்லுத நம்பரு அது. இருவத்தி நாலுல வச்சுப் பாரும்."

அவரே சிரித்துவிட்டார். அந்த அங்கிளுக்கு அரை மணி நேரம் விளக்கினீர்கள். நான் ஒரு கேள்வி கேட்டதற்கு, "டார்ச்ச ஆட்டாத மக்களே, நீ போய்ப் படி" என்றீர்கள். எனக்கு எதையுமே சொல்லித்தரவில்லை. அதனால்தான் இவ்வளவும்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழவில்லை. வீடு உங்கள் வேலையோடு வந்தது. நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும் மார்ச் வரை இருந்துகொள்ளுங்கள் என்றது ஆபீஸ். சாவிகளையெல்லாம் கொடுத்துவிட்டதாக அம்மா கையெழுத்துப் போட்டாள். குழாய் அலமாரிச் சாவி ஒன்று மட்டும் உங்கள் குளிர்கால ஜாக்கெட்டில் கிடந்தது அவளுக்குத் தெரியாது. அதை எடுத்து என் பென்சில் பெட்டியில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. உங்கள் பொருள், அவ்வளவுதான்.

செப்டம்பர் வந்தும் சூடு இறங்கவில்லை. இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வரும் அம்மா, பகலில் ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு புரள்வாள். "மருந்து எடுக்கச்சில கண்ணு சொக்குது பிள்ள, பயமா இருக்கு" என்றாள் ஒரு நாள். அந்த வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லி நான் பூசைக்குப் போகவில்லை. உங்கள் சாவியால் குழாய் அலமாரியைத் திறந்தேன். இந்த மாடியின் நான்கு வீடுகளுக்கு நான்கு வால்வுகள். எதிலும் பெயர் இல்லை, நம்பர் இல்லை. நாலாம் மாடி அங்கிளுக்கு அரை மணி நேரம் கொடுத்த உங்களுக்கு, நான்கு பெயர் எழுத ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா? எது நம்முடையது என்று தெரியாமல் நான்கையும் முழுக்கத் திறந்துவிட்டேன்.

அம்மா அன்று சாயங்காலம் வரை தூங்கினாள். எழுந்து, ஏசிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "உங்கப்பாதான் மேல இருந்து பாத்துக்கிடுதாரு" என்றாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

மறுநாள் முதல் மாடி ஜீனத் அக்கா கைக்குழந்தையோடு ஏறி வந்தார். குழந்தைக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை. கழுத்து முழுக்கச் சிவப்பாக வியர்க்குரு.

"மேஸ்திரி இருந்த காலத்துல ஒரு நாள் இப்புடி இல்லக்கா. ஆபீஸ்காரங்க வந்து எங்க ஏசியைக் கழட்டிப் பாத்துட்டு, மெஷின் நல்லாருக்கு, தண்ணிதான் வரலேங்குறாக."

"அதுக்கென்ன, பிள்ளைய இங்க கொண்டு போடு. எங்க வீட்டுல இப்பந்தான் நல்லா குளுருது" என்று அம்மா கட்டிலைத் தட்டிப் போட்டாள். குழந்தை என் தலையணையில் படுத்து உடனே தூங்கிவிட்டது. அதனிடமிருந்து எடுத்ததை அதற்கே இரவல் கொடுத்துக்கொண்டிருந்தோம். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

இன்று மாலை வாட்ச்மேன் பாய் வந்தார். வாசலிலேயே நின்றார். அலமாரிக்கு இன்னொரு சாவி அவரிடம்தான் இருக்கிறது. உங்கள் சாவி ஆபீஸில் இருப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள்.

"வல்லாஹி, அல்லா சத்தியமா நான் கை வைக்கல மேடம். ஆபீஸ்ல சொல்றான், காசு வாங்கி மேல் மாடிக்கு வால்வைத் திறந்து விட்டேனாம். நாளைக்கு உண்மை சொல்லு, இல்லன்னா விசா கேன்சல், கலாஸ், எல்லாம் முடிஞ்சுதுன்னு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, பாய் நல்ல ஆளுன்னு."

"நான் சொல்லுதேன் பாய், பயப்படாதிய" என்றாள் அம்மா. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். லிஃப்டைக்கூடக் கூப்பிடவில்லை.

யாருக்கும் தெரியாமல் வால்வுகளை மூடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். குழந்தைக்குக் குளிரும். ஆனால் பாய் போய்விடுவார். உண்மையைச் சொன்னால் அம்மா பொய்க் கையெழுத்துப் போட்டவள் ஆவாள். மார்ச் வரை வீடு இருக்காது. பரீட்சையை எங்கிருந்து எழுதுவேன் என்று தெரியாது. இதை எத்தனை முறை கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் ஒரே விடைதான் வருகிறது, அதுதான் எனக்கு ஆத்திரம். வேறு அப்பாவின் மகளாக இருந்தால் வேறு விடை வந்திருக்கும்.

காலை ஏழரைக்கு அம்மா வருவாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவேன். கழற்றி உட்கார்ந்துவிட்டால் எனக்கு வாய் வராது. பிறகு இரண்டு பேரும் பாயிடம் போவோம், பிறகு ஆபீஸுக்கு.

வால்வுகளைப் பழையபடி வைக்க யாரும் வெளியிலிருந்து வர வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லப் போகிறேன். திறக்கும்போது ஒவ்வொரு சுற்றையும் எண்ணினேன் அப்பா. ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை, நீங்கள் சொல்லித்தரவில்லை. முதல் வால்வு மூன்று சுற்று. இரண்டாவது மூன்றரை. நான்காவது மூன்று.

மூன்றாவது மட்டும் ஏழு சுற்று திறந்த பிறகுதான் நின்றது. அவ்வளவு இறுக்கி மூடி வைத்திருந்தீர்கள். பெயர் எழுதவில்லையே என்று உங்களைத் திட்டிக்கொண்டே திறந்தேன். அது யார் வீடு என்று இப்போதுதான் புரிகிறது.