மூன்று டன், குட்டை சேசிஸ்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஸ்வெட்டர். பி.பி. மாத்திரை எட்டு மணிக்கு.

பெஞ்சமின் போய் இன்றோடு இருபத்தாறு நாள். முப்பது வருட நண்பர். இன்னும் அழவில்லை. அடக்கத்தின்போது குடைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு.

பெ.யின் மனைவி ஸ்டெல்லாம்மா போன் செய்தார். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டை மகன் விற்கிறானாம். ஷெட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஷெட்டில் இருப்பது பெ.யின் லாரி. உலகப்போர்க் காலத்துக் கனடா வண்டி. துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, பல வருடம் கையாலேயே சரிசெய்தது. ஊருக்கு வெளியே உள்ள ராணுவ வாகனக் காட்சிக்கூடம் ஒன்று எடுத்துக்கொள்ளத் தயார். பக்கத்தில் பெ. பெயரில் பலகையும் வைப்பார்கள். ஒரே நிபந்தனை: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். பிற்பாடு வெட்டியதோ நீட்டியதோ கூடாது.

"நீங்க அன்னிக்கு எழுதிக் குடுத்த சர்ட்டிபிகேட் இருக்கே சார். பதினோரு வருஷம் பழசு. அதையே புதுசா ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும்னாங்க. அவர் பேரு ஒரு எடத்துல நிக்கும்."

சரி என்றேன்.

மனைவி வசந்தா அடுக்களையிலிருந்து: "யார் எது கேட்டாலும் சரி. என்னன்னு கேட்டுட்டு அப்புறம் சரி சொல்லக் கூடாதா?"

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. குளிர். பால் தாமதம்.

பழைய கோப்பு பரணில். வசந்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அட்டவணை நன்றாகவே இருக்கிறது, என் கையெழுத்து அப்போது நேராக இருந்திருக்கிறது.

கனடா வண்டிகள், நான்கு சக்கரமும் இழுப்பவை (வீல்பேஸ் = முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை):
15 ஹண்ட்ரட்வெயிட் (முக்கால் டன் சுமை): வீல்பேஸ் 101 அங்குலம்.
30 ஹ.வெ.: 134.
3 டன் குட்டை: 134. டயர் 10.50–20.
3 டன் நெட்டை: 158. அதே டயர், அதே இன்ஜின், அதே கியர்பெட்டி.

கேபின் 11, 12, 13 என்று மூன்று வகை. பெ.யுடையது 13. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்பக்கம் சாய்ந்திருக்கும். மேலே பறக்கும் விமானத்துக்கு வெயில் பளிச்சிடாமல் இருக்க என்பார்கள். இன்ஜின் ஆறு சிலிண்டர், 216 கன அங்குலம்.

நெட்டை நிறைய உண்டு. குட்டை அபூர்வம். பெ.யுடையது குட்டை என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த வாகன ஆய்வுப் பிரிவில் படிவத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் எழுத்து போட வேண்டும். பா. என்றால் பார்த்தது. கே. என்றால் உரிமையாளர் சொல்லிக் கேட்டது. கே. போடுவது குற்றமில்லை. ஓய்வுபெற்ற பிறகும் அதே பழக்கம். பெ.யின் சான்றிதழில் இருபத்திரண்டு வரி. இருபத்திரண்டிலும் பா.

வரி 14: சேசிஸ் சட்டம் அசல், வெட்டு ஒட்டு இல்லை. பா.

அதை நான் பார்க்கவில்லை.

அந்த நாள் நினைவிருக்கிறது. பெ. அந்த வாரம்தான் பின்பக்கத்துக்கு மரத்தளம் போட்டு முடித்திருந்தார். வார்னிஷ் வாசனை. சட்டத்தின் நடுப்பகுதியைப் பார்க்க நான்கு பலகைகளைக் கழற்ற வேண்டும். அவர் கையில் காபியுடன் தளத்தைத் தடவிக்கொண்டு நின்றார். கேட்கக் கூச்சம். கீழே படுத்து டார்ச் அடித்தேன். வெளிப்பக்கம் முழுக்கப் பட்டி பூசித் தேய்த்துப் புதுப் பச்சைப் பெயின்ட். வீல்பேஸ் அளந்தேன், 134 சரியாக வந்தது. பா. போட்டேன்.

வாங்கியது ஆனேக்கல் பக்கத்துக் கல்குவாரியில். குவாரிக்காரர்கள் நெட்டை வண்டியை வெட்டிக் குறுக்கி டிப்பர் ஆக்குவார்கள். இது எனக்கு அப்போதும் தெரியும்.

நவம்பர் 6, வியாழன்

வெயில். பத்தரைக்கு ஷெட்.

யூசுஃப் பாய் வந்திருந்தார். சிவாஜி நகர் மெக்கானிக், பெ.யுடன் இந்த வண்டியில் வேலை செய்தவர். பலகைகளைக் கழற்றலாமா என்று மெதுவாகக் கேட்டேன். ஸ்க்ரூ கெட்டுப்போகுமோ, நாளைக்கு வைத்துக்கொள்ளலாமோ என்றும் சேர்த்துக் கேட்டேன்.

"யார்கிட்ட பர்மிஷன் கேக்கறீங்க சாப், என்கிட்டயா, லாரிகிட்டயா? அது ஒண்ணும் சொல்லாது."

இருபது நிமிடம். நான்கு பலகை. எண் போட்டுச் சுவரோரம் அடுக்கினேன்.

சட்டத்தின் உள்பக்கம், இருபுறமும், ஒரு முழ நீளத்துக்கு இரும்புப் பட்டை வைத்து ரிவெட். பட்டையின் நடுவே வெல்டிங் தடம். ஒரு குறுக்குச் சட்டத்துக்கான துளைகள் இருக்கின்றன, குறுக்குச் சட்டம் இல்லை. பின்பக்கத்து இயக்குத்தண்டிலும் ஓர் ஒட்டு.

158 கழித்தல் 134. இருபத்து நான்கு அங்குலம். சரியாக இரண்டடி.

யூசுஃப் பாய் கரிவிரலால் தடத்தைத் தடவினார். "அரே. வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கான்."

"உங்களுக்குத் தெரியாதா பாய்?"

"என் வேலை இன்ஜினு, பிரேக்கு. சேசிஸ் பத்திக் கேட்டா பெஞ்சமின் சாரு, அதெல்லாம் ஆபீசர் பார்த்துட்டாருன்னுவாரு. நீங்க பார்த்ததை நான் எதுக்கு பார்க்கணும்?"

பலகைகளின் எண்களை மறுபடி சரிபார்த்தேன்.

ஸ்டெல்லாம்மா எட்டிப் பார்த்து, "எல்லாம் நல்லா இருக்கா சார்?" என்றார். "தூசி நிறைய" என்றேன். எழுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு பதில்.

அவர் உள்ளே போனதும் யூசுஃப் பாய் குரலைத் தாழ்த்தி: "பத்து நிமிஷம் சாப். பலகையை மூடிடறேன். அந்தம்மாவுக்கு ஒரு போர்டு கெடைக்கும். அங்க வர்ற ஆளுங்க கீழ குனிஞ்சா பார்க்கப் போறாங்க?"

யோசிக்கிறேன் என்றேன். அவர் மூடினார்.

நவம்பர் 7, வெள்ளி

தலைவலி. மதியம் ரசம் மட்டும். மின்வெட்டு 2:10–3:25.

வசந்தாவிடம் சொன்னேன். சிரித்தாள். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப கூட தலையே தூக்கல. வீட்டுக்குப் போய் உங்க அம்மாகிட்ட, பார்த்தாச்சு, பிடிச்சிருக்குன்னீங்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஸ்டெல்லா பாவம்" என்றாள். எதைச் செய் என்று சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

மேசையில் உட்கார்ந்து புதுச் சான்றிதழ் எழுதினேன். மூன்று முறை.

(1) சேசிஸ் அசல். பா. — பொய்.
(2) அந்த வரியே இல்லாமல். — காட்சிக்கூடம் திருப்பி அனுப்பிக் கேட்கும்.
(3) சேசிஸ் அசல். கே. — இது வசதி. நான் பார்க்கவில்லை, உரிமையாளர் சொன்னார் என்றாகும். ஒரு மணி நேரம் இதிலேயே நின்றேன். ஆனால் பெ. ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. அவர்தான் என்னிடம் கேட்டார். செத்தவர் மேல் பழியை எழுதுவதாகும்.

மூன்றையும் கிழித்தேன். துக்கமா, பயமா, தெரியவில்லை. இரண்டும் இல்லை போலவும் இருக்கிறது.

நவம்பர் 8, சனி

மேகமூட்டம். நடந்தே போனேன். கேட் வரை போய் ஒரு சுற்று திரும்பி வந்து மறுபடி போனேன்.

ஸ்டெல்லாம்மா பெ.யின் சட்டைகளை மடித்துப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நின்றபடியே சொன்னேன். வெட்டியது, ஒட்டியது, இரண்டடி, பலகையைக் கழற்றாமலே நான் எழுதியது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் எழுதினதை நம்பினார்."

"சர்ச்சுல ஒரு ஆள் விடாம சொல்லுவாரு. குட்டை சேசிஸ், இந்த ஊர்லயே ஒண்ணுதான்னு. ஃபாதர் ஒளிஞ்சுக்குவாரு." சட்டையைப் பைக்குள் வைத்தபடி: "இப்ப சொல்லாம விட்டா எடுத்துக்குவாங்களா?"

"எடுத்துக்குவாங்க."

"சொன்னா?"

"மாட்டாங்க."

பையின் வாயைக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்துக் கட்டினார்.

"அன்னிக்கே நாலு பலகையைக் கழட்டு பெஞ்சமின்னு சொல்லியிருக்கலாமே சார். கழட்டியிருப்பாரே. அவருக்கு கழட்டறதுன்னா எவ்வளவு இஷ்டம்."

அவர் கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"எழுதிடுங்க. உள்ளதை உள்ளபடி. அவர் பேரை மாட்டி வெச்சு பக்கத்துல பொய் வேணாம்."

அங்கேயே, சாப்பாட்டு மேசையில் எழுதினேன். வரி 14: சேசிஸ் நெட்டை வகை, 24 அங்குலம் வெட்டி ஒட்டியது. பா. கீழே: பதினோரு வருடம் முன்பு நான் எழுதியது தவறு, பொறுப்பு என்னுடையது. கையெழுத்து பழையபடி நேராக இல்லை, படிக்க முடிகிறது.

நவம்பர் 12, புதன்

காய்ச்சல் மாதிரி, ஆனால் இல்லை. தெர்மாமீட்டர் 98.2.

காட்சிக்கூடத்திலிருந்து ஸ்டெல்லாம்மாவுக்குக் கடிதம். மிகவும் மரியாதையான ஆங்கிலம். வேண்டாம் என்பதை நான்கு பத்தியில்.

சந்தாபுரா தாண்டி ஓர் ஓட்டல், வாசலில் நிறுத்த எடுத்துக்கொள்கிறது. ஆட்கள் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். அவர்கள் வீல்பேஸ் கேட்கவில்லை. பெயர்ப்பலகை பற்றி ஸ்டெல்லாம்மா அவர்களிடம் பேசவில்லை என்று வசந்தா சொன்னாள்.

நவம்பர் 15, சனி

வெயில். கிரேன் ஒன்பதுக்கு வருவதாகச் சொல்லிப் பதினொன்றேகாலுக்கு வந்தது.

லாரியை வெளியே தள்ளி நிறுத்தினார்கள். யூசுஃப் பாயும் நானும் சுவரோரம். ஸ்டெல்லாம்மா வாசற்படியில். கிரேன்காரர் கன்னடக்காரர், வேலையில் வேகம். சங்கிலியை எடுத்துப் போய் வண்டியின் நடுவில் சுற்றினார். சரியாக ஒட்டின் மேல்.

"அல்லி பேடா", அங்கே வேண்டாம் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. கிரேன் உறுமத் தொடங்கியது. நடந்து போய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய் தாத்தா, கை தெகிரி."

கையை எடுக்கவில்லை. இங்கே வெட்டி ஒட்டியிருக்கிறது, தூக்கினால் இரண்டாக மடியும் என்று கன்னடத்தில் சொன்னேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் குனிந்து பார்த்தார், பச்சைப் பெயின்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். யூசுஃப் பாய், "ஆபீசர் சொல்றாரு இல்ல, மாத்திப் போடப்பா" என்றார்.

முன் அச்சுக்குப் பக்கத்தில் ஒன்று, பின் அச்சுக்குப் பக்கத்தில் ஒன்று. தூக்கியது. வளையவில்லை.

ஸ்டெல்லாம்மா படியிறங்கி வந்தார். "சார், நீங்களும் கூடப் போயிட்டு வாங்க. இறக்கும்போது எங்க கட்டணும்னு அவங்களுக்குத் தெரியாது."

யூசுஃப் பாயின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சந்தாபுரா வரை. இறக்கியது 2:50. முழங்கால் வலி.