சங்கு மாஸ்டரின் முன்பல்

மார்ச் 3, செவ்வாய்

வாங்கிவிட்டேன். இதை எழுதும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள பழைய சாமான் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்து மூன்று மாதமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்த டிரம்பெட் இப்போது என் அலமாரியில், போர்வைகளுக்கு நடுவே படுத்திருக்கிறது.

என் கணவர் அதன் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். "உனக்கு ஊதத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "வயசு நாப்பத்தெட்டு," என்றார். அது தெரியும் என்றேன்.

ஊதிப் பார்த்தேன். வெறும் காற்று. மூச்சைத் தம் பிடித்து இன்னொரு தடவை. ஏதோ ஒரு சத்தம் வந்தது. மகள் தலையில் துண்டோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தாள். "அம்மா, என்னாச்சு? விழுந்துட்டியா?"

வாத்தியார் வேண்டும். உடனே.

மார்ச் 5, வியாழன்

வாத்தியக் கடை மூன்று ஏறி இறங்கியாயிற்று. கிட்டார் சொல்லித்தர தெருவுக்கு நாலு பேர். டிரம்பெட்டுக்கு ஒருத்தரும் இல்லை.

மார்ச் 7, சனி

"எல்லா வாத்தியங்களும் கற்றுத்தரப்படும்" என்று பலகை போட்ட வீடு ஒன்று கிடைத்தது. கதவைத் திறந்தவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"குழந்தை எங்கம்மா?"

"நான்தான் சார்."

மனிதர் நல்லவர், உட்காரச் சொன்னார். வாத்துப் படம் போட்ட குட்டி நாற்காலி. முழங்கால் தாடையில் இடித்தது. இரண்டு பக்கமும் ஏழு வயதுகள் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தன. ஒரு ரெட்டைப் பின்னல்காரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்க ஃபெயிலாயிட்டீங்களா?" என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தாள். ஆமாம் கண்ணு என்றேன். வேறென்ன சொல்ல? அந்த சாருக்கு டிரம்பெட் தெரியாதாம். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லித் தருவாராம். கும்பிடு போட்டுவிட்டு எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது.

சாயங்காலம் போனில் இன்னொருவர். வயதைக் கேட்டார். சொன்னேன். பிறகு, "பல்லெல்லாம் சொந்தப் பல்லா?" என்றார். நான் சிரித்த சிரிப்பில் அவர் போனை வைத்துவிட்டார்.

சிரிக்காமல் என்ன செய்வேன்? ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுப்பவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! கீழே டாக்டரம்மாவின் கிளினிக், மாடியில் என் அறை. பத்தொன்பது வருடம். அளவெடுத்த அச்சு படியேறி வரும். பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் செதுக்கி, பல்லாக்கிக் கீழே அனுப்புவேன். எனக்கு ஆயிரம் வாய் தெரியும். ஒரு முகம் தெரியாது.

மார்ச் 11, புதன்

வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றாள் மகள். பார்த்து ஊதினேன். கண்ணில் பூச்சி பறந்தது. சுவரைப் பிடித்து உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 14, சனி

கிடைத்துவிட்டார்! கிடைத்துவிட்டார்!

டிரம்பெட்டில் விரலால் அழுத்தும் கட்டைகள் சிக்குகின்றன என்று பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். எண்ணெய் விட்டுக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "சங்குன்னு ஒருத்தர் இருக்கார். ஊதினா பத்துத் தெரு கேக்கும், அதனால அந்தப் பேர். இப்ப ஊதுறதில்ல. சொல்லித் தருவாரான்னு கேட்டுப் பாருங்க."

"பேரே சரியில்லையேம்மா. உனக்குச் சங்கு ஊதிடப் போறார்," என்றாள் மகள்.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒல்லியான ஆள், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவருடைய டிரம்பெட் பெட்டி பீரோவின் தலையில் தூசி படிந்து கிடந்தது.

"எதுக்கு மேடம் கத்துக்கணும்?"

வழியெல்லாம் நல்ல நல்ல பதிலாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வாயில் வந்தது வேறு. "நாள் முழுக்கத் தலையைக் குனிஞ்சு, வாயைத் திறக்காம வேலை பாக்குறேன் மாஸ்டர். ஒரு தடவை நல்லா சத்தம் போடணும்."

சிரித்தார். அம்மாடி, என்ன பல்! முன்பல் இரண்டும் பளிச்சென்று, ஒட்டி, வரிசையாக. தொழில் புத்தி போகுமா, பல்லைத்தான் பார்த்தேன்.

முதல் பாடத்தில் டிரம்பெட்டைத் தொடவே விடவில்லை. உதட்டை மட்டும் அதிரவிட வேண்டும். ப்ர்ர்ர்ர். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ப்ர்ர்ர்ர். திரும்பும்போது பஸ்ஸிலும் என்னையறியாமல் ப்ர்ர்ர்ர் என்றேன். முன் சீட்டுக் கைக்குழந்தை திரும்பிப் பார்த்து, ப்ர்ர்ர்ர் என்று பதில் சொன்னது. அதற்கு என்னைவிட நன்றாக வருகிறது.

மார்ச் 21, சனி

வந்தது. ஒரே ஒரு சுரம். ஆடி அசைந்து, ஓரமெல்லாம் பிசிறோடு. ஆனால் சுரம்! நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்துவிட்டேன். "அதேதான் மேடம், அதை விட்டுடாதீங்க!" என்று மாஸ்டரும் எழுந்துவிட்டார். கீழே டயர் கடையில் யாரோ கை தட்டினார்கள். கிண்டலாகவே இருக்கட்டும், எனக்குத்தானே தட்டினார்கள்.

மார்ச் 28, சனி

மூன்று சுரம். அவர் எல்லாவற்றையும் பாடித்தான் காட்டுகிறார். ஒரு தடவை வாசித்துக் காட்டுங்களேன் மாஸ்டர் என்று கேட்டுவிட்டேன். பீரோவைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"போயிடுச்சு மேடம்."

"என்ன போயிடுச்சு?"

"சத்தம். ரெண்டு வருஷம் முன்னாடி வண்டியிலேர்ந்து விழுந்தேன். காயமெல்லாம் ஆறிடுச்சு. ஆனா மேல் சுரம் எதுவும் வரல. ஆறு மாசம் முட்டி மோதினேன். உதடு செத்துப்போச்சுன்னு பேண்டுல சொல்லிட்டாங்க. தூக்கி மேல வச்சுட்டேன்."

கேட்டிருக்கவே கூடாது. எனக்கு எப்போதும் வாய்தான் எதிரி.

ஏப்ரல் 4, சனி

எழுதலாமா? எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று நாலாவது சுரத்துக்குப் பதில் வாத்துக் கத்துவதுபோல ஒன்று வந்தது. மாஸ்டர் தலையை அண்ணாந்து சிரித்தார். ஜன்னல் வெளிச்சம் நேராக வாய்க்குள் விழுந்தது. இடது முன்பல்லின் ஓரத்தில், அரிசி முனை அளவுக்கு ஒரு சின்ன வளைவு.

அது நான் வைப்பது. பார்த்தால் சொந்தப் பல் மாதிரி இருக்கட்டும் என்று, நான் செய்யும் ஒவ்வொரு முன்பல்லிலும் வைப்பது. வேறு யாரும் வைத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் எனக்குக் காற்றே வரவில்லை. தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

பழைய அச்சுகளெல்லாம் படிக்குக் கீழே பெட்டி பெட்டியாக இருக்கின்றன. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாஸ்டருடைய அச்சைத் தேடினேன். கிடைத்தது. விபத்துக்கு ஒரு வருடம் முன்பு, வேறொரு பல்லை அடைக்க வந்தபோது எடுத்த அளவும் இருந்தது. அதில் முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

அடுத்தது உடைந்த பல்லின் அச்சு. அதோடு சீட்டு, என் கையெழுத்தில்: "முன்பல் இரண்டுக்கும் கேப் (பல் உறை). நடுச் சந்தை மூடவும். அவர் விருப்பம்." பக்கத்தில் ஒரு நட்சத்திரம். செய்த பல் ரொம்ப அழகாக வந்தால் நான் போட்டுக்கொள்வது.

அழகாகத்தான் வந்திருக்கிறது. ஐயோ.

ஏப்ரல் 7, செவ்வாய்

அந்தச் சந்தால்தான் வாசித்தாரா? உதடு அதில்தான் உட்கார்ந்து பழகியதா? எனக்கென்ன தெரியும்? மூன்று சுரம் தெரிந்தவளுக்கு இந்த ஆராய்ச்சி தேவையா? சொன்னால் என்ன ஆகும் — அடிக்க மாட்டார். ஆனால் "இனி வராதீங்க" என்றால்?

கணவரிடம் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார்.

"சொல்லிடு."

"எத்தனை பேரைத் தேடி இந்த ஒருத்தர் கிடைச்சிருக்கார் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அதான் சொல்லிடுங்கறேன். சொல்லாம அவர் முன்னாடி போய் உக்காந்தா உனக்கு மூச்சு வருமா?"

இந்த மனிதர் எப்போதாவதுதான் பேசுவார். பேசினால் தப்பிக்க வழியிருக்காது.

ஏப்ரல் 11, சனி

சொல்லிவிட்டேன்.

"மாஸ்டர், உங்க முன்பல் ரெண்டும் நான் செஞ்சது."

முகம் மலர்ந்துவிட்டது. "நீங்களா? கேப்புன்னு சொன்னா யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க மேடம்!"

பாராட்டுகிறார். பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. பழைய அச்சைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது விழறதுக்கு முன்னாடி. நடுவுல சந்து இருந்துச்சு. நான் மூடிட்டேன். உங்க சத்தம் அது வழியாத்தான் போய்க்கிட்டிருந்ததோ என்னவோ. எனக்கு ஊதத் தெரியாது, பல்லுதான் தெரியும். தப்பாக்கூட இருக்கலாம். ஆனா சொல்லாம இருக்க முடியல."

அச்சைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் நகத்தை அந்தச் சந்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா என் உதட்டைத் திட்டிக்கிட்டிருக்கேன்," என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "இன்னைக்குக் கிளாஸ் வேணாம் மேடம். போயிட்டு வாங்க."

அச்சை அவரே வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 15, புதன்

மாஸ்டரிடமிருந்து போன் இல்லை. பிளாஸ்டர் கலக்கும்போது உதடு தானாக ப்ர்ர்ர்ர் என்கிறது. சும்மா இரு என்றேன்.

ஏப்ரல் 18, சனி

காலை பத்து மணிக்கு நர்ஸ் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். "அக்கா, கீழ ஒருத்தர் பெரிய பெட்டியோட வந்து உக்காந்திருக்கார். நல்ல பல்லைக் கழட்டணும்கறார்!"

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. டாக்டரம்மா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"சந்தை மூடச் சொல்லி வருவாங்க. திறக்கச் சொல்லி வந்த முதல் ஆள் இவர்தான். இது உன் வேலையா?"

"ஆமா டாக்டர். மூடினதும் நான்தான்."

"பல்லுதான் காரணம்னு எப்படிச் சொல்றே? மனசாக்கூட இருக்கலாமே?"

"இருக்கலாம் டாக்டர். தற்காலிகமா ரெண்டு வச்சுப் பாப்போம். வரலேன்னா பழையபடி அழகாப் பண்ணித் தரேன்."

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னார்: "சின்ன வயசுல என்னை எல்லாரும் 'சந்து'ன்னுதான் கூப்பிடுவாங்க. கேப் போட்டப்போ, விட்டது சனியன்னு சந்தோஷப்பட்டேன் அக்கா."

அக்கா! மேடம் போய் அக்கா வந்துவிட்டது. டாக்டரம்மா ஏதோ திட்டிக்கொண்டிருந்தார், என் காதில் ஏறவே இல்லை.

ஏப்ரல் 25, சனி

வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிடுவேன்.

தற்காலிகப் பல் இரண்டையும் டாக்டரம்மா பொருத்தினார். மாஸ்டர் பெட்டியைத் திறந்தார். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். எடுத்து ஊதினார். கீழ்ச் சுரம் வந்தது. மேலே போனதும் காற்றாகிவிட்டது. மறுபடி. மறுபடியும் காற்று. டிரம்பெட்டை மடியில் இறக்கி வைத்துவிட்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

எனக்கு மட்டும் ஒன்று தெரியும். நான் சந்தை முழு அளவுக்கு விடவில்லை. கை வரவில்லை! அசிங்கமாக இருக்குமே என்று ஒரு மயிரிழை குறைத்துத்தான் செய்திருந்தேன்.

"கழட்டிக் குடுங்க டாக்டர்," என்றேன். மாடிக்கு ஓடினேன். பழைய அளவைப் பார்த்து, தேய்த்து, ஓரத்தை மழித்து, என் செல்ல வளைவையும் சேர்த்துத் தேய்த்து எறிந்துவிட்டு ஓடி வந்தேன்.

மாட்டினார். நாக்கால் தடவிப் பார்த்தார். ஊதினார்.

என்ன சொல்ல? கிளினிக்கே எழுந்து நின்றது. வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்த பெரியவர் கையை எடுத்துவிட்டார். தட்டில் கிடந்த கருவிகளெல்லாம் கிணுகிணுவென்று ஆடின. சுரம் மேலே போகிறது, இன்னும் மேலே போகிறது, இதற்குமேல் முடியாது என்று நான் மூச்சைப் பிடித்தால் அதற்கும் மேலே சாவகாசமாகப் போய் உட்காருகிறது. நர்ஸ் அழுகிறாள். நானும்தான். சிரித்துக்கொண்டே.

நிறுத்திவிட்டு, "இருக்குக்கா," என்றார். அவ்வளவுதான்.

"சரி சரி, அடுத்த பேஷண்ட்," என்றார் டாக்டரம்மா.

மே 9, சனி

நிரந்தரப் பல் பொருத்தியாயிற்று. நடுவில் சந்து, ஓரம் லேசாகக் கோணல். பத்தொன்பது வருடத்தில் நான் செய்த அவலட்சணமான ஜோடி இதுதான். சீட்டில் இரண்டு நட்சத்திரம் போட்டேன்.

மே 16, சனி

பேண்டில் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களாம். எனக்கும் சந்தோஷம்தான். அப்படியென்றால் என் வகுப்பு? அவரே சொன்னார்: "நேரம்தான் மாறும்கா. அஞ்சாவது சுரத்தை ஒழுங்கா ஊதாம நீங்க எங்கயும் தப்பிச்சுப் போக முடியாது."

ஜூன் 6, சனி

மதியம் கிளினிக்கில் ஒரு பெண் காத்திருந்தாள். கிளாரினெட் வாசிக்கிறவளாம். போன வருடம் ஒரு முன்பல் உடைந்து கேப் போட்டதிலிருந்து சத்தம் நசுங்கி வருகிறதாம். டாக்டரைப் பார்க்க வரவில்லை, மாடியில் இருக்கிற அக்காவைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள் என்றாள். டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "போ, உன் பேஷண்ட்டாம்."

எனக்குப் பேஷண்ட்! முகத்தோடு!

படியேற்றி என் அறைக்குக் கூட்டி வந்தேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பல்லைப் பார்த்தேன். உடைவதற்கு முன்னால் எடுத்த போட்டோ, வாய்விட்டுச் சிரிக்கிற போட்டோவாகத் தேடி எடுத்து வரச் சொன்னேன்.

"இப்பவே போய் எடுத்துட்டு வந்துடட்டுமா? அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன்," என்றாள்.

"திங்கக்கிழமை வாம்மா," என்றேன். "அஞ்சு மணிக்கு எனக்குக் கிளாஸ்."