வாயை மூடிச் சிரிக்கச் சொன்னேன்

ஊரில் இல்லாத என் வீட்டுக்காரிக்கு,

வீட்டோடு கிடக்கும் உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் நலம். நம் நாலு வயசுப் பெரிய மனுஷியும் நலம். இதை எழுதும்போது தையல் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, பழைய பைகளிலிருந்து நான் கழற்றிப் போட்ட ஜிப்புகளை ரயில் விட்டுக்கொண்டிருக்கிறாள். மதியம் இரண்டு மணி. கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, நீ வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்றெல்லாம் கேட்க வேண்டும். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டே போனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் தாளை மடித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

பிள்ளையின் ஆபரேஷன் பன்னிரண்டாம் தேதி இல்லை. தள்ளிப் போட்டுவிட்டார்கள். அடுத்த மாதத்துக்கும் அடுத்த மாதம், இருபத்தேழாம் தேதி. நீ கெஞ்சி வாங்கி வைத்திருக்கும் இருபது நாள் லீவு அதற்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும். பயப்படாதே, இதயத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. காரணம் பல். காரணம் நான் என்று எழுதினாலும் தப்பில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் ரத்தம், எடை, ஸ்கேன் எல்லாம் எடுத்து முடித்த பிறகு, நர்ஸ் ஒரு தாளை நீட்டி, “பல் டாக்டர்கிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க” என்றார். கையெழுத்துதானே, ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்துக்கொண்டு கீழ்மாடிக்குப் போனேன். அந்தப் பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். மேல்வரிசை முன்பல் நாலும் பாதி கரைந்து பழுப்பாக இருந்தன. கடைவாய்ப் பல் இரண்டில் ஓட்டை. ஒன்றின் பக்கத்தில் ஈறு புடைத்துச் சீழ் வைத்திருந்தது. ஊர்ப் பையெல்லாம் பிரித்து எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்க்கிறவன், சொந்தப் பெண்ணின் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

“பால் பல்தானே டாக்டர், விழுந்து முளைச்சிடும்ல” என்று கேட்டேன். “பால் பல்லுன்னா அதுல ரத்தம் ஓடாதா?” என்று திருப்பிக் கேட்டார். அந்தச் சீழில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து நேராக இதயத்துக்குப் போகுமாம். சாதாரணப் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் வந்த வழியே போய்விடும், இவளைப் போன்ற பிள்ளைகளுக்கு இதயத்தில் ஓட்டை இருக்கும் இடத்திலோ தைத்த இடத்திலோ தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். கெட்ட பல்லை எடுத்து, ஈறு ஆறிய பிறகுதான் எந்த டாக்டரும் நெஞ்சில் கை வைப்பாராம். ஈறு இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் பன்னிரண்டாம் தேதியை விட்டால் அவர்கள் பட்டியலில் அடுத்த இடம் இருபத்தேழாம் தேதிதான். இதையெல்லாம் அந்தப் பெண் நிதானமாகச் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பல் விளக்கிவிடுவீர்களா என்று கேட்டார். பிரஷ்ஷைக் கண்டாலே அழுவாள், அவளை அழ விடக்கூடாதே என்றேன். யார் சொன்னது என்றார். டாக்டர் சொன்னது என்றேன். நீயும்தான் சொன்னாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது, “எது வேணா பண்ணுங்க, அவள அழ மட்டும் விட்டுடாதீங்க” என்றாய். உன்மேல் பழி போடவில்லை. இல்லை, பொய் சொல்வானேன், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில் முழுக்க முழுக்க உன்மேல்தான் பழி போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அவளுக்குச் சோறு ஊட்டும்போது அந்தக் கோபம் வடிந்துவிட்டது.

என் கண் முன்னாலேயே அந்த டாக்டர் இதய டாக்டருக்குப் போன் போட்டார். அழ விடக்கூடாது என்பது மூன்று மாதக் குழந்தைக்கு, முதல் ஆபரேஷனுக்கு முன்னால் சொன்னதாம். அதற்குப் பிறகு மற்றப் பிள்ளைகளைப் போலக் கொஞ்சம் அழலாமாம். அழுகை நின்ற பிறகும் உதடு நீலம் மாறாவிட்டால்தான் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டுமாம். அப்போதே நம்மிடம் சொல்லித்தான் அனுப்பினார்களாம். சொல்லியிருப்பார்கள். நாம் இரண்டு பேரும் அன்றைக்கு அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தோம், காதில் என்ன விழுந்திருக்கும்? நம் கையிலேயே மை மாதிரி நீலமாகிப் போனாளே, அதைப் பார்த்தவர்கள் யார்தான் பிள்ளையை அழ விடுவார்கள்?

அதனால் நான் அழ விடவில்லை. முகம் கோணினால் ரப்பர் காம்பைத் தேனில் தொட்டுக் கொடுத்தேன். தூங்க வைக்கச் சர்க்கரை போட்ட பால் புட்டி. இதயத்துக்குக் கொடுக்கும் மருந்தே பாகு மாதிரி இனிக்கும், அதைக் குடித்ததற்குக் கூலியாக ஒரு பிஸ்கட். எடை ஏறவேண்டும் என்றார்களே, அதனால் வாய் திறந்தபோதெல்லாம் எதையாவது போட்டேன். செல்லம் கொடுத்துக் கெடுத்தேன் என்பார்களே, அதை நான் எழுத்துக்கு எழுத்து செய்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு முன்பே பல் கறுத்ததைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீடியோ போன் வருவதற்கு முன்னால், “அம்மாகிட்ட வாய மூடிக்கிட்டு சிரி” என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். பிள்ளை ஏன் இப்படி உம்மென்று இருக்கிறாள் என்று நீ கேட்டாய். வெட்கம் என்றேன். நீ அங்கே தனியாக இருந்து கவலைப்படுவாயே என்று நினைத்தேன். அது பாதிதான் நிஜம். நீ என்னைக் கேட்பாயே என்ற பயம் மீதிப் பாதி.

போன வியாழக்கிழமை ஆறு பல்லையும் எடுத்தார்கள். கிருமி பரவாமல் இருக்க ஒரு மணி நேரம் முன்னதாகவே மருந்து கொடுத்து, விரலில் கிளிப் மாட்டி, பக்கத்தில் ஆக்சிஜன் எண் ஓடும் மெஷினை வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் இரண்டு இரண்டு பேராக வந்திருந்தார்கள். ஒருவர் மடியில் பிள்ளை, இன்னொருவர் கையில் ஃபைல். நான் பிள்ளை, ஃபைல், தண்ணீர் பாட்டில், மாற்று உடை எல்லாவற்றையும் ஒரே ஆளாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவசரத்துக்குக் கக்கூஸ் போகக்கூட வழியில்லை. “அம்மா வரலையா?” என்று நாலு பேர் கேட்டார்கள். நாலு பேரிடமும், அவளுக்கு வேலை என்று சொன்னேன்.

உள்ளே அவள் அழுதாள். ஊசி போட்டபோது ஆரம்பித்து, பஞ்சைக் கடித்துக்கொண்டும் அழுதாள். மெஷினில் எண் இறங்கியது. அந்தச் சின்ன டாக்டர், “பாத்துக்கிட்டே இருங்க, ஏறிடும்” என்றார். ஏறிவிட்டது. நாலு வருஷத்தில் இவள் முழுத் தொண்டையும் திறந்து அழுது நான் கேட்டதே இல்லை. அச்சு அசல் உன் குரல். நீ கோபத்தில் கத்துவாயே, அதே குரல். எனக்கு அங்கேயே உன்னைப் பார்க்கவேண்டும் போல ஆகிவிட்டது.

இப்போது காலையும் மாலையும் மடியில் சாய்த்துப் பல் விளக்குகிறேன். முதல் இரண்டு நாள் அழுதாள், விரலைக் கடித்தாள். கடிக்கிற அளவுக்குப் பல் மிச்சம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். நேற்று பிரஷ்ஷைப் பிடுங்கி என் மூக்கை விளக்கிவிட்டாள். புட்டியில் தண்ணீர் மட்டும்தான். மருந்து குடித்ததும் வாய் கொப்பளிக்க வைக்கிறேன். அந்தப் பெரியம்மா வாயைத் திறக்கவே மாட்டார்கள், நீ ஏதோ முணுமுணுத்துப் பாடித் திறக்க வைத்து ஈறைத் துடைத்துவிடுவாய் என்று எழுதியிருந்தாயே. முதலில் படித்தபோது வயிறு எரிந்தது. யாருடைய வாயையோ உன் கை துடைக்கிறது, நம் பிள்ளை வாயை இங்கே பார்க்க ஆளில்லை. இப்போது எரிச்சல் இல்லை. என்ன பாட்டு என்று மட்டும் எழுது.

லீவு விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பதிலாக அந்த இருபது நாளும் பெரியம்மாவின் மகள் வந்து பார்த்துக்கொள்வதாகத்தானே ஏற்பாடு. அவரிடம் தேதியை மாற்ற முடியுமா என்று கேள். முடியாது என்றால் பழைய தேதிக்கே வந்து பிள்ளையையாவது பார்த்துவிட்டுப் போ என்று எழுத நினைத்தேன். அப்புறம் லீவை வீணாக்காதே என்று எழுத நினைத்தேன். இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன். ஆபரேஷன் அறைக் கதவு மூடும்போது நான் மட்டும் வெளியே நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது.

புதுத் தேதி எழுதிக் கொடுத்தபோது கூடவே ஒரு படிவமும் கொடுத்தார்கள். கூட இருப்பவர்கள் இரண்டு பேர் வேண்டுமாம், உள்ளே பிள்ளையோடு ஒருவர், வெளியே ஓடியாட ஒருவர். முதல் வரியில் என் பெயரை எழுதினேன். இரண்டாவது வரியில் பேனா நின்றுவிட்டது. “யார் பேராவது எழுதுங்க சார், அப்புறம் மாத்திக்கலாம்” என்றார் நர்ஸ். என் அக்கா வருகிறேன் என்றுதான் சொல்கிறாள். அவள் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. நர்ஸ் முறைத்தார். பரவாயில்லை என்று அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீ எனக்குக் கொடுக்கவேண்டிய திட்டு நிறைய இருக்கிறது, தெரியும். தபாலில் அனுப்பாதே. இருபத்தேழாம் தேதி, எத்தனை மணி நேரம் ஆனாலும் அந்தக் கதவுக்கு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு.

உன்னவன்