பெக்கன் தெருவின் மெயின் சுவிட்சுகள்

பிப்ரவரி 14, ஞாயிறு

டெக்சஸில் இந்தக் குளிருக்குக் கட்டிய வீடே கிடையாது. மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தில் நாளையிலிருந்து கட்டுப்பாட்டு அறையில் நான்.

யோலி அக்கா போனில், எங்கள் மாமா வீட்டுக்குப் போய்விடவா என்று கேட்டாள். மகன் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவள் கணவர் லாரியோடு வெளியூரில். "அங்க விறகடுப்பாவது இருக்குடீ."

பனி உறைந்த சாலையில் வேண்டாம் என்றேன். "கரண்ட் போனாலும் அரை மணிதான்க்கா. நிறுத்தப்போறதே நான்தானே."

பிப்ரவரி 15, திங்கள்

எரிவாயுக் குழாய்கள் உறைந்து மின்நிலையங்கள் ஒவ்வொன்றாக நின்றன. உத்தரவு வந்தது: உடனே லைன்களை நிறுத்துங்கள், இல்லையென்றால் மாநிலம் மொத்தமும் இருண்டுவிடும்.

பெக்கன் தெரு லைனை நிறுத்தினேன். அக்காவின் தெரு. அதன் முறைதான் முதலில் வந்தது.

அரை மணி கழித்துத் திருப்பித் தர எங்களிடம் மின்சாரம் இல்லை.

பிப்ரவரி 16, செவ்வாய்

காலையில் அனுமதி வந்தது. பெக்கன் தெருவுக்குப் போட்டேன். உடனே பிரேக்கர் விழுந்து மறுபடி இருட்டு. மறுபடி போட்டேன். மறுபடி விழுந்தது. சில்லிட்ட வீடுகளில் ஹீட்டரை யாரும் அணைத்திருக்க மாட்டார்கள். அத்தனையும் ஒரே நொடியில் இழுத்தால் லைன் எப்படித் தாங்கும்?

"இன்னொரு தடவ போட்டா ஏதாவது எரிஞ்சுடும்மா," என்றார் மேலாளர் வெண்டல். "அந்தத் தெருவ விட்டுடு."

விட்டுவிடுவதா?

அக்காவின் போன். "அரை மணின்னியே. பிள்ளை இப்ப அழக்கூட மாட்டேங்குதுடீ."

குளிரைப் பற்றி நான் எதையும் படித்திருக்கவே கூடாது. அழுகை நின்றால் என்ன அர்த்தம் என்று தெரியாமலாவது இருந்திருக்கும்.

மாலை —

அக்காவிடம் கேட்டேவிட்டேன். வீடு வீடாகப் போய் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல். தெருவிளக்கு எரிந்த பிறகு ஒவ்வொரு வீடாகப் போடட்டும். பிள்ளையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு அக்காவே போனாள். போனில் எல்லாம் கேட்டது.

"கரண்டே இல்லாத வீட்ல எதம்மா அணைக்கிறது?"

"யாரு, உன் தங்கச்சி சொன்னாளா? நிறுத்தினதே அவதானே?"

திட்டிக்கொண்டே அணைத்தார்கள். கடைசி வீட்டில் வெர்னன் டீக், தனியாக இருக்கும் பெரியவர். "அவருக்குக் காது கேக்காதுடீ. ஜன்னல் பூரா போர்வைய ஆணி அடிச்சு வச்சிருக்கார். நானே உள்ள போய் அணைச்சுட்டேன். சரி, போடு."

போட்டேன். இந்த முறை விழாமல் நின்றது.

சிறிது நேரத்தில் போனில் பிள்ளையின் அழுகை. வெண்டல் தன் சாண்ட்விச்சில் பாதியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 18, வியாழன்

தூங்கினேன்.

பிப்ரவரி 19, வெள்ளி

பனி உருகுகிறது. பெக்கன் தெருக்காரர்கள் அலுவலகத்துக்கு ஒரு பானை நிறைய, சோளத் தோகையில் சுற்றி அவித்த தமாலே கொண்டுவந்தார்கள். "நிறுத்தினவளுக்கு ரெண்டு, போட்டவளுக்கு ரெண்டு," என்று என் தட்டில் நாலு வைத்தார் ஒருவர். சிரித்தேன். சாப்பிட்டேன்.

பிப்ரவரி 20, சனி

அக்கா இன்று டீக் பெரியவருக்கும் தமாலே கொண்டுபோயிருக்கிறாள். கதவு திறக்கவில்லை. போலீஸ் வந்து உடைத்தார்கள். நாற்காலியில், கோட்டும் தொப்பியுமாக.

மின்சாரம் வந்ததை யாரும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை. போர்வைக்கு வெளியே எரிந்த தெருவிளக்கு அவருக்கு எப்படித் தெரியும்?

"நான்தான்டீ அணைச்சேன்."

"போட்டுட்டு வான்னு நான் சொல்லலையேக்கா."

அவள் போனை வைத்துவிட்டாள்.

பெக்கன் தெரு மீட்டர்களைத் திரையில் திறந்தேன். செவ்வாய் மாலையிலிருந்து எல்லா வீட்டிலும் எண்கள் ஏறியிருக்கின்றன. கடைசி வீட்டுக்கு நேரே பூஜ்யம். நேற்று நான் தமாலே தின்ற இதே மேசை. திறந்து பார்க்க ஒரு விரல் போதும்.