அரை நிமிடத்தில் மாற்றியிருக்கக்கூடிய பெயர்

அனுப்புநர்:
கடைசிப் பத்தியில் காண்க.

பெறுநர்:
பொறுப்பதிகாரி,
தமிழ்ப்பள்ளிகள் பிரிவு,
கல்வி அலுவலகம்.

பொருள்: பிளாக்மூர் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவி நித்தியாவைச் சிறப்பு வகுப்புக்கு மாற்றும் பரிந்துரையை நிறுத்தி வைத்து, முதலில் ஆலோசகர் ஒருவரை அனுப்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த விஷயத்தில் நான் வாய்மூடி இருந்தது போதும். பள்ளி திறந்ததிலிருந்து எட்டு மாதங்கள் ஒன்றும் எழுதவில்லை. என்னை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

2. நித்தியாவின் தாயார் கலாவதி, கணவரை இழந்தவர். ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் தொழிற்சாலை பஸ் வந்துவிடும். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியும் அவருடன் போய்விடும். கடந்த ஆண்டு கோவிட் காரணமாக ஜூன் நடுவில் இயங்கலை (ஆன்லைன்) வகுப்பு மீண்டும் தொடங்கியபோது, அடுத்த வீட்டுக்காரனான நான் என் கைப்பேசியைக் கொடுத்தேன். பிள்ளை தினமும் பள்ளிச் சீருடை அணிந்து, தண்ணீர்ப் புட்டியுடன் என் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

3. கைப்பேசியின் முன் கேமரா பழுது. அதனால் ஆசிரியருக்கு அவள் முகம் தெரியாது. திரையில் என் முழுப்பெயர் மட்டும் தெரியும். அந்தப் பெயர் பள்ளிக்குப் புதியதன்று. தலைமையாசிரியர் திரு. அர்ஜுனன் மீது நான் ஐந்து மனுக்கள் அனுப்பியவன். வேலி, சிற்றுண்டிச்சாலை, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தல் என்று பல. அவற்றில் இரண்டு நியாயமானவை. 2014 ஆண்டுக் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் ஒலிவாங்கியை அணைத்தார். அதை நான் இன்றும் மறக்கவில்லை. அவரும் என் மனுக்களை மறக்கவில்லை. நான் வகுப்பை வேவு பார்க்க நுழைவதாக எண்ணி, என் பெயர் தெரிந்தால் வெளியேற்றும்படி சொல்லிவிட்டார்.

4. முதல் நாள் ஆசிரியை புனிதவதி, "ஐயா, இது பிள்ளைங்க கிளாஸ் லா, பெரியவங்க வெளிய போங்க" என்றார். நித்தியா, "நான்தான் டீச்சர், வந்திருக்கேன்" என்றாள். ஒலியைத் திறந்து பேச அவளுக்கு அப்போது தெரியாது. அதற்குள் திரை மூடிவிட்டது. மறுநாளும் அப்படியே. அதன்பின் பெயர் தெரிந்தவுடனேயே வெளியேற்றினார்கள். ஒவ்வொரு மதியமும் வராத மாணவர் பட்டியலைப் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டார்கள். அதில் நித்தியாவின் பெயர் ஐம்பத்தெட்டு நாட்கள் இருந்தது. அந்த நாட்களில் அவள் பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு, வகுப்பு முடியும் நேரம்வரை என் மேசையில் இருந்தாள்.

5. கலாவதி நடந்ததைக் குழுவில் குரல்பதிவாகச் சொன்னார். தலைமையாசிரியரின் பதில்: "பிள்ளை பேர்ல வந்தா உள்ள விடுவோம். கண்ட பேர்லயும் வந்தா விடமுடியாது."

6. இனி நான் எழுத வேண்டியது என்னைப் பற்றி. கலாவதி என்னிடம், "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. புள்ள பேரப் போட்டுட்டா முடிஞ்சிருமாம்" என்றார். "என் பேருக்கு என்னம்மா கொறச்சல்?" என்று கேட்டேன். பெயரை மாற்ற அரை நிமிடம் போதும். நான் மாற்றவில்லை. அர்ஜுனன் இறங்கி வரட்டும் என்று காத்திருந்தேன். மூன்றரை மாதம் காத்திருந்தேன், ஒரு பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு.

7. பள்ளி திறந்த பின் நித்தியா வகுப்பில் பேசுவதில்லை. வருகை எடுக்கும்போது அவள் பெயரைக் கூப்பிட்டால், எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைப் பார்க்கிறாளாம். ஆசிரியர்கள் இதைக் கீழ்ப்படியாமை என்கிறார்கள். வெளியே அனுப்பப்படுவதற்கு முன்பே அவள் தயாராகிறாள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் தாயிடம் பேசுகிறாள். என்னைக் கண்டால் தலைகுனிந்து போகிறாள்.

8. சென்ற வாரம் பள்ளி, சிறப்பு வகுப்புக்கு மாற்ற ஒரு படிவம் கொடுத்தது. காரணம்: "பேச்சு இல்லை, புரிதல் குறைவு." ஜூலை 8-க்குள் தாயார் ஒப்பமிட வேண்டும். இந்தத் தோட்டத்தில் மலாய்ப் படிவங்களை நிரப்பித் தருபவன், தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதிய முன்னாள் கிராணியான நான்தான். எனவே கலாவதி அதை என்னிடமே கொண்டுவந்தார். மூன்று நாட்களாக அது என் மேசையில், அந்தப் பிள்ளை உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது. சிறப்பு வகுப்பு தாழ்ந்ததென்று நான் சொல்லவில்லை. தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது நல்லது. இவளுக்குப் புரிதலில் குறையில்லை. எல்லாம் புரிந்ததால்தான் வாய் மூடினாள்.

9. ஆகவே, படிவத்தின் கெடுவுக்கு முன் பிள்ளைகளின் மனநலம் அறிந்த ஆலோசகர் ஒருவர் அவளைச் சந்திக்க வேண்டும். அந்த ஐம்பத்தெட்டு நாட்களை "வந்தாள்" என்று திருத்தி, அதை வகுப்பில் அவள் காதுபடச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. இந்த வரியை எழுத எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது. நடந்தவற்றைக் கலாவதியிடமும் புலனக் குழுவிலும் சரிபார்க்கலாம்.

10. பெயரில்லாத மனுவை மொட்டைக் கடிதம் என்பார்கள். அதை எழுதுபவன் கோழை என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்தவன் நான். ஐந்து மனுக்களிலும் முழுப்பெயர், அடையாள அட்டை எண், கையொப்பம் எல்லாம் இட்டேன். இதிலும் இட்டேன். இட்டபின் படித்துப் பார்த்தபோது, இது ஆறாவது மனுவாகத் தெரிந்தது. அர்ஜுனனுக்கும் எனக்குமான சண்டையாகவே இதைப் படிப்பார்கள். நித்தியா மறுபடி வெளியே நிற்பாள். எனவே கடைசித் தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினேன். படித்தால் யார் எழுதியது என்று அர்ஜுனனுக்குத் தெரிந்துவிடும், தெரியட்டும். ஆனால் இந்த மனு பிள்ளையின் பெயரில் மட்டுமே போகட்டும். நாளைக் காலை இதைக் கையொப்பமின்றி அஞ்சலில் சேர்க்கிறேன்.

இடம்: பிளாக்மூர் தோட்டம், குவாலா சிலாங்கூர்
நாள்: 27 ஜூன் 2022
கையொப்பம்: