என் பெயரில் எடுத்த தலை

அருமை மல்லிகா,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இத்தனை நாள் உன்னை நினைத்தால் வருத்தம்தான் வந்தது. இந்த மாதம் கோபமும் சேர்ந்துகொண்டது. வீட்டுச் சாவிக்கே மூன்று நகல் வைத்திருந்தவள், கல்லாகிப்போன அந்த மண்டையோட்டின் ஸ்கேனுக்கு ஒரு நகல் எடுத்து வைக்கக் கூடாதா?

உன்னோடு வேலை பார்த்த சுனீதா நம் ஊர் நகரிக்கு வந்திருந்தாள். உன் ஹார்ட் டிஸ்க் திறக்கவே இல்லையாம். நீ வரைந்து முடித்த இடது காதின் படம் மட்டும் அவளிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் எலும்பு நசுங்கியிருப்பதால், அதை மட்டும் வைத்து நீ சொன்னதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றாள். நசுங்காத வலது காதை நீ தொடவே இல்லை. மண்டையோடு பதிந்திருந்த கல்லோ, நீ போன பிறகு, இரவல் கொடுத்த இடத்துக்கே திரும்பிவிட்டது.

நீ சொன்னது என்ன என்பதைப் படிப்பவர்களுக்காக எழுதிவிடுகிறேன். வாத்தியார் புத்தி போகாது. உட்காதில் மூன்று வளையக் குழாய்கள் உண்டு. கொத்தனாரின் ரசமட்டம் போல, தலை எப்படிச் சாய்கிறது என்று அவை மூளைக்குச் சொல்லும். பிராணி தலையை இயல்பாக வைத்திருக்கும்போது அவற்றில் ஒன்று ஏறக்குறைய தரைக்கு இணையாக நிற்கும். கல்லுக்குள் அந்த வளையத்தின் சாய்வைக் கண்டுபிடித்தால், இருபது கோடி வருடத்துக்கு முன் செத்த ஒரு ஊர்வனப் பிராணி எப்படித் தலையைப் பிடித்துக்கொண்டு நடந்தது என்று ஊகிக்கலாம்.

"மூக்கைத் தரையில வெச்சு மோந்துக்கினே போயிருக்கும்ணா" என்றாய்.

"மூளை எவ்ளோ பெருசு?" என்றேன்.

"இன்னாண்ணா நீ! அது தேங்கா மாதிரி ஓட்டோட ஒட்டிக்கினு இருக்காது. கொப்பரை மாதிரி உள்ள லொடலொடன்னு கெடக்கும். ஓட்டை அளந்துட்டு பருப்பு இவ்ளோன்னு சொல்ல முடியுமா?"

கல்லைப் பஞ்சில் பொதிந்த பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருப்பதிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? ஸ்கேன் சென்டர் கம்ப்யூட்டர், பெயரும் வயதும் போடாமல் அடுத்த பக்கம் போக மறுத்தது. என் பெயரைக் கொடுத்தேன். ஆண், வயது அறுபத்துமூன்று. "பாத்தியா, ஒரே நிமிஷத்துல உனக்கு இருபது கோடி வருஷத்தைக் கொறச்சிட்டாங்க" என்று சிரித்தாய்.

என் பெயரில் எடுத்ததை என்னிடம்தானே தருவார்கள்? அதனால் நானே போனேன், நான்கு முறை.

"டாக்டர் சீட்டி உந்தா சார்?" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். சீட்டு இல்லை என்றேன்.

"நொப்பி எக்கட?"

எனக்கு வலியே இல்லை, அது என் தலையும் இல்லை என்று தொடங்கிக் கொப்பரை வரைக்கும் வந்துவிட்டேன். பின்னால் நின்றவருக்குப் பொறுக்கவில்லை.

"நைனா, அந்த மண்டை இருபது கோடி வருஷமா வெயிட் பண்ணிச்சில்ல, இன்னும் பத்து நிமிஷம் பண்ணட்டும். என் முட்டி தாங்காது."

வரிசையே சிரித்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நான்காம் முறை ஆபரேட்டர் தேடித் திறந்தார். திரையைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். "இதி மீ தலகாயேனா சார்?"

"ஆமாம், என் தலைதான்" என்றேன். வேறென்ன சொல்ல? சி.டி. போட்டுக் கொடுத்தார்.

சுனீதா அதைத் திறந்து பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். மெல்லிய வெட்டுப் படங்களைக் கொஞ்ச காலம்தான் வைத்திருப்பார்களாம். பிறகு மிஞ்சுவது தடித்த வெட்டுகள் மட்டும். ஒரு பூசணியை நாலே துண்டாக வெட்டிவிட்டு, விதையின் வடிவத்தைச் சொல் என்றால் எப்படி? வளையம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மங்கிய புள்ளிகள். அவ்வளவுதான்.

யாரைக் கோபித்துக்கொள்வது? அது நோயாளிகளுக்காக இருக்கிற இடம். பரீட்சை முடிந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் "திருப்பிப் பார்த்தியா?" என்று கேட்டே ஓய்வு பெற்றவன் நான். உன்னிடம் ஒரு தடவை கேட்டேனா?

கல்லை மறுபடி இரவல் கேட்டுச் சுனீதா எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. மூன்றாவதை நானே நேரில் கொண்டுபோகிறேன். கிடைத்தால், அதே பெட்டி, அதே பஞ்சு, என் மடி. வலது காது உனக்கு எதிராகச் சாட்சி சொன்னால்? அதையும் மறைக்காமல் எழுதச் சொல்வேன். நீயும் அதைத்தான் சொல்வாய், இல்லையா?

அந்தக் கவுன்ட்டர் பெண் பெயர் கேட்டால் இம்முறை என் பெயரைத் தர மாட்டேன். மல்லிகா என்பேன். வயது ஐம்பத்தாறு, அதற்குமேல் உனக்கு ஏறப்போவதில்லையே. மெல்லிய வெட்டுகளில் மூன்று நகல் கைக்கு வரும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன், எத்தனை முட்டி பின்னால் நின்றாலும்.

அந்தத் தலைக்குப் பெயர் கொடுத்த
உன் பெரியண்ணன்